நிதி வகுப்பிலும் அந்தக் கேள்வியைக் கேளுங்கள்: மேலாண்மைக் கல்லூரிகளுக்கு ஒரு திறந்த மடல்

மேலாண்மைக் கல்லூரிகளை நடத்தும் டீன்களுக்கும், இயக்குநர்களுக்கும், பாடத்திட்டக் குழுக்களில் இருக்கும் பேராசிரியர்களுக்கும் வணக்கம்.

உங்களிடம் எம்.பி.ஏ. முடித்து வருகிறவர்களை வேலைக்கு எடுப்பதும் அவர்களோடு சேர்ந்து வேலை பார்ப்பதும் என் அன்றாடம். கெட்டிக்காரப் பிள்ளைகள். ஒரு நிறுவனத்தின் கணக்கைக் கையில் கொடுத்தால் எங்கே பணம் விரயமாகிறது என்று சீக்கிரமே கண்டுபிடித்துவிடுவார்கள். சந்தையை அலசுவார்கள், மாடல் போடுவார்கள், ஸ்லைடுகளை அழகாக அடுக்குவார்கள். ஆனால் "இந்த முடிவால் யாருக்குப் பாதிப்பு?" என்று இடையில் கேட்டால், பாடத்துக்கு வெளியே இருந்து கேள்வி வந்துவிட்டது போல நிமிர்ந்து பார்க்கிறார்கள். அவர்களுடைய மனசாட்சியில் எனக்குச் சந்தேகமே இல்லை. அந்தக் கேள்வி வந்திருக்க வேண்டிய இடத்தில் ஒருமுறைகூட வந்ததில்லை என்பதுதான் என் வருத்தம். அந்த இடம் உங்கள் வகுப்பறை.

"எங்களிடம் பிசினஸ் எதிக்ஸ், அதாவது வணிக அறம், என்று தனிப் பாடமே இருக்கிறது" என்பீர்கள். இருக்கிறது. ஹார்வர்டில் 2004 முதல் தலைமையும் நிறுவனப் பொறுப்பும் பற்றிய பாடம் கட்டாயம். 2007-இல் ஐ.நா. ஆதரவோடு பொறுப்பான மேலாண்மைக் கல்விக்கான கோட்பாடுகள் வந்தன; உலகம் முழுக்கப் பல கல்லூரிகள் அவற்றில் கையெழுத்திட்டன. நிதி நெருக்கடிக்கு அடுத்த ஆண்டு, 2009-இல், ஹார்வர்டு மாணவர்களே கூடி எம்.பி.ஏ. உறுதிமொழி ஒன்றை எழுதினார்கள். எல்லாம் நல்ல எண்ணத்தில் செய்தவை. அவற்றை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் டைம்டேபிளை எடுத்துப் பாருங்கள். பல கல்லூரிகளில் அந்தப் பாடத்துக்குக் குறைந்த கிரெடிட், கடைசி டேர்ம், ப்ளேஸ்மென்ட் முடிந்து மனசு வெளியே போய்விட்ட நேரம். மாணவர்கள் விவரமானவர்கள். எது முக்கியம், எது சடங்கு என்பதை அந்தத் தாளைப் பார்த்தே புரிந்துகொள்கிறார்கள்.

அதைவிடப் பெரிய சிக்கல் பக்கத்து அறையில், நிதி வகுப்பில், இருக்கிறது. ஒரு கணக்கை மட்டும் இங்கே எடுத்து வைக்கிறேன். உங்களில் பலர் வகுப்பில் நடத்தியிருப்பீர்கள்.

1973-இல் ஃபோர்டு நிறுவனத்துக்குள் எழுதப்பட்ட ஒரு குறிப்பு அது. விபத்தில் வாகனம் உருளும்போது எரிபொருள் கசிந்து தீப்பிடிக்காமல் தடுக்க, வாகனம் ஒன்றுக்கு 11 டாலர் செலவாகும். மொத்தம் 1 கோடியே 25 லட்சம் வாகனங்கள். ஆக, செலவு 13 கோடியே 75 லட்சம் டாலர். இனி பலன். 180 மரணங்கள் தவிர்க்கப்படும், தலைக்கு 2 லட்சம் டாலர். 180 பேர் கடுமையான தீக்காயத்திலிருந்து தப்புவார்கள், தலைக்கு 67,000 டாலர். எரிந்துபோக இருந்த 2,100 வாகனங்கள் மிஞ்சும், ஒவ்வொன்றும் 700 டாலர். கூட்டினால் 4 கோடியே 95 லட்சம் டாலர். செலவு பலனைப் போல மூன்று மடங்குக்குக் கொஞ்சம் குறைவு. ஆகவே செய்யத் தேவையில்லை.

இந்தக் குறிப்பை, பின்னாலிருந்து மோதினால் தீப்பிடித்த ஃபோர்டின் பின்டோ காரின் பின்பக்க டேங்க் பற்றியது என்று சொல்லியே பல இடங்களில் பாடம் நடக்கிறது. அது சரியில்லை. அமெரிக்கச் சாலைப் பாதுகாப்பு அமைப்பு கொண்டுவர இருந்த ஒரு விதிக்கு எதிராக, அந்த நாட்டில் விற்கும் எல்லா நிறுவன வாகனங்களுக்கும் சேர்த்துப் போட்ட கணக்கு அது. உயிருக்கு 2 லட்சம் டாலர் என்ற எண்கூட அந்த அரசு அமைப்பின் ஆய்விலிருந்து வந்ததுதான். ஃபோர்டுக்கு வக்காலத்து வாங்க இதைச் சொல்லவில்லை. ஒரு கெட்ட நிறுவனத்தின் கதையாக அதைச் சுருக்கினால் மாணவர் தப்பித்துவிடுகிறார்: "நான் அப்படி இல்லை" என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டு, வகுப்பில் அலச வைத்திருக்கும் அடுத்த நிறுவனக் கதைக்கு, அடுத்த கேஸுக்கு, போய்விடுவார். நடந்தது அதைவிடக் கடினமானது. எல்லாரும் ஏற்றுக்கொண்ட முறை, அரசே கொடுத்த எண், கூட்டலில் பிழையே இல்லை. அந்த முறையைத்தான் நீங்கள் முதல் டேர்மிலேயே சொல்லித்தருகிறீர்கள்.

சொல்லித்தரத்தான் வேண்டும். செலவையும் பலனையும் பார்க்காமல் எந்த நிறுவனமும் ஓடாது; எந்தப் பாதுகாப்பு விதியையும் முடிவு செய்ய முடியாது. ஆனால் அதே மணி நேரத்தில், அதே ஆசிரியர், அதே பலகையின் முன்னால் நின்று கேட்க வேண்டிய சில கேள்விகள் இருக்கின்றன. செலவு யார் தலையில், பலன் யார் கையில்? இரண்டும் வேறு வேறு ஆட்கள் என்றால் ஒன்றிலிருந்து ஒன்றை எப்படிக் கழித்தோம்? "11 டாலர் கூடுதலாகத் தருகிறீர்களா?" என்று கார் வாங்க வந்தவரிடம் கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பார்? அவருக்கு அந்த ஆபத்து தெரியுமா? தீக்காயத்தோடு நாற்பது வருடம் வாழ்வதை எந்தக் கட்டத்தில் எழுதுவது? எழுத முடியாதென்றால் கடைசியில் வரும் விடையை எவ்வளவு தூரம் நம்புவது? இவை எதிக்ஸ் ஆசிரியருக்கு ஒதுக்கிவைக்க வேண்டிய கேள்விகள் இல்லை. கணக்கு சரியா என்று சோதிக்கும் கேள்விகள். நிதிப் பேராசிரியர் கேட்டால்தான் மாணவர் காதில் விழும்.

இதே ஃபோர்டில் டென்னிஸ் ஜியோயா என்று ஒருவர் இருந்தார். 1972-இல் எம்.பி.ஏ. முடித்துச் சேர்ந்தவர். படிக்கிற காலத்தில் பெரிய நிறுவனங்களைக் கடுமையாக விமர்சித்தவர். உள்ளே போய்த்தான் மாற்ற முடியும் என்று நம்பி வேலைக்கு வந்தார். அடுத்த ஆண்டே, பழுதுள்ள வாகனங்களைத் திரும்பப் பெறும் வேலையை ஒருங்கிணைக்கும் பொறுப்பு அவர் கைக்கு வந்தது. எரிந்து கருகிய ஒரு பின்டோவை நேரில் பார்த்தார். விஷயத்தைக் குழுவின் முன் வைத்தார். திரும்பப் பெற வேண்டாம் என்று குழு முடிவெடுத்தபோது அவரும் அதற்கே வாக்களித்தார். 1978-இல்தான் 15 லட்சம் கார்களை ஃபோர்டு திரும்பப் பெற்றது. பின்னாளில் ஜியோயா மேலாண்மைப் பேராசிரியர் ஆனார். 1992-இல் தன்னையே ஆய்வுப் பொருளாக வைத்து ஒரு கட்டுரை எழுதினார்.

அதில் அவர் பேராசை, மிரட்டல் என்று எதையும் காரணம் காட்டவில்லை. மேசை நிறையக் கோப்புகள். எதைத் தனியே எடுக்க வேண்டும் என்பதற்குப் பழகிப்போன அளவுகோல்கள்: ஒரே பழுது அடிக்கடி வருகிறதா, காரணம் தெளிவாகப் பிடிபடுகிறதா. பின்டோ அவற்றில் தேறவில்லை. இது நியாய அநியாயம் சம்பந்தப்பட்ட விஷயம் என்றே தனக்கு அப்போது தோன்றவில்லை என்கிறார். அந்த நாட்களில் அவரே பின்டோதான் ஓட்டினார். பிறகு அதைத் தன் சகோதரிக்கு விற்றார்.

சகோதரிக்கு விற்றார் என்ற இடத்தில் நான் ஒவ்வொரு முறையும் நின்றுவிடுகிறேன். ஆபத்தைத் தெரிந்தே மறைக்கிறவர் அதைச் செய்ய மாட்டார். நல்லது எது, கெட்டது எது என்று கடைசி டேர்மில் ஒரு விரிவுரை அவருக்கு எதையும் மாற்றியிருக்காது. அவை அவருக்குத் தெரியும். தன் அளவுகோலுக்குள் எது விழவில்லை என்று பார்க்கும் பழக்கம்தான் அவருக்கு வேண்டியிருந்தது. தினம் நூறு முடிவு எடுக்கிற வேகத்திலும் கைகொடுக்கிற பழக்கம். அதைப் பல பாடங்களில், பல தடவை, கணக்கு போடும்போதே பயிற்றினால்தான் வரும்.

பார்த்துவிட்டால் மட்டும் போதுமா என்றால், போதாது. 1986 ஜனவரி 27 இரவு. சேலஞ்சர் விண்கலத்துக்கு உந்துகலன் செய்துகொடுத்த மார்ட்டன் தயோகால் நிறுவனத்தின் பொறியாளர்கள், குளிரில் உந்துகலனின் இணைப்புகளை அடைக்கும் ரப்பர் வளையங்கள் விறைத்துவிடும், 12 டிகிரி செல்சியஸுக்குக் கீழே ஏவ வேண்டாம் என்று தொலைபேசிக் கூட்டத்தில் நாசாவிடம் சொன்னார்கள். நாசா அதிகாரிகள் மடக்கி மடக்கிக் கேட்டார்கள். தயோகால் தரப்பு, நாங்கள் தனியாகப் பேசிவிட்டு வருகிறோம் என்று இணைப்பிலிருந்து விலகி அரை மணி நேரம்போலப் பேசியது. அங்கே மூத்த துணைத் தலைவர் ஜெரால்ட் மேசன், பொறியியல் துணைத் தலைவர் ராபர்ட் லண்டிடம், பொறியாளர் தொப்பியைக் கழற்றிவிட்டு மேலாளர் தொப்பியைப் போடச் சொன்னார். லண்ட் மனம் மாறினார். மேலாளர்கள் நால்வர் மட்டும் முடிவெடுத்தார்கள். வேண்டாம் என்று வாதாடிய பொறியாளர்களை யாரும் வாக்குக் கேட்கவில்லை. மறுநாள் கலம் கிளம்பிய 73-ஆவது நொடியில் வெடித்துச் சிதறியது. ஏழு பேர் இறந்தார்கள்.

மேலாளர் தொப்பி என்ற அந்த வார்த்தைக்கு அறையில் யாருக்கும் விளக்கம் தேவைப்படவில்லை என்பதைக் கவனியுங்கள். மேலாளராக யோசிப்பது என்றால், தெரிந்ததைக் கொஞ்சம் ஒதுக்கிவைத்து, வாடிக்கையாளரையும் ஒப்பந்தத்தையும் நினைப்பது என்று எல்லாருக்கும் உடனே புரிந்தது. மேலாளர் என்றால் யார் என்ற அந்தப் படத்தை மாற்றி வரைய முடிகிறவர்கள் உலகத்தில் யாராவது இருந்தால், அது நீங்கள்தான்.

இப்போதைய படம் எங்கிருந்து வந்தது என்பது உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். 1970-இல் பொருளியலாளர் மில்டன் ஃபிரீட்மன், வியாபாரத்தின் சமூகப் பொறுப்பு லாபத்தைப் பெருக்குவதே என்று எழுதினார். சமூகத்தின் அடிப்படை விதிகளுக்கும், சட்டத்துக்கும், அற வழக்கங்களுக்கும் உட்பட்டு என்று அவரே சேர்த்திருந்தார். வகுப்பறைக்குள் வரும்போது அந்தப் பகுதி உதிர்ந்துவிட்டது. 1976-இல் ஜென்சன், மெக்லிங் என்ற இரண்டு ஆய்வாளர்கள் மேலாளரை முதலீட்டாளரின் முகவராகப் பார்க்கும் கோட்பாட்டைக் கொடுத்தார்கள். முகவர் தன்னலக்காரர், அதனால் ஊக்கத்தொகையாலும் கண்காணிப்பாலும் அவரைக் கட்டிப்போட வேண்டும். இதைப் படித்து வளர்ந்த பேராசிரியர் சுமந்த்ர கோஷல், 2004-இல் இறப்பதற்கு முன் எழுதி, மறைவுக்குப் பின் 2005-இல் வெளியான கட்டுரையில் உங்கள் துறையையே கேள்வி கேட்டார். மனிதன் தன்னலக்காரன் என்று கற்பித்துக்கொண்டே இருந்தால் அப்படிப்பட்ட மேலாளர்கள்தான் உருவாவார்கள். கணக்கு மோசடியில் கவிழ்ந்த அமெரிக்க எரிசக்தி நிறுவனம் என்ரான்; அப்படிப்பட்ட என்ரான்களைத் தடுக்க நீங்கள் புதிதாக அதிகம் செய்ய வேண்டாம், இப்போது செய்வதில் பலவற்றை நிறுத்தினால் போதும் என்பது அவர் வாதம். என்ரானின் தலைமை நிர்வாகியாக இருந்த ஜெஃப்ரி ஸ்கில்லிங் ஹார்வர்டு எம்.பி.ஏ.; வகுப்பில் முன்னணி மாணவர். அதன் நிதித் தலைவராக இருந்த ஆண்ட்ரூ ஃபாஸ்டோ கெல்லாக் மேலாண்மைக் கல்லூரி எம்.பி.ஏ. 2001-இல் திவாலான அந்த நிறுவனத்திடம் அறுபது பக்கத்துக்கு மேல் நீண்ட நெறிமுறைக் கையேடு இருந்தது.

"இருபது வயதுக்கு மேல் வருகிறவருக்கு அறம் கற்பிக்க முடியுமா? அது வீட்டிலிருந்து வர வேண்டும்" என்று உங்களில் சிலர் சொல்வதை நேரில் கேட்டிருக்கிறேன். சரி, உங்கள் படிப்பு ஒருவரின் நடத்தையை மாற்றாது என்று வைத்துக்கொள்வோம். அப்படியானால் 2022-இல் பொருளியலாளர் டேரன் அசெமோக்லுவும் இரண்டு சக ஆய்வாளர்களும் கண்டதை எப்படி விளக்குவது? வணிகப் பட்டம் பெற்றவர் தலைமைக்கு வந்த ஐந்து ஆண்டுகளில் ஊழியர் சம்பளம் அமெரிக்காவில் ஏறத்தாழ 6 சதவீதமும் டென்மார்க்கில் 3 சதவீதமும் குறைந்தது. அந்த நிறுவனங்களில் விற்பனையோ உற்பத்தித்திறனோ கூடியதற்குச் சான்று இல்லை. லாபத்தை ஊழியர்களோடு பகிர்வது மட்டும் நின்றுபோனது. வகுப்பறையில் கற்றது பத்து, இருபது ஆண்டு கழித்து வேறு யாரோ ஒருவரின் சம்பளத்தில் தெரிகிறது. உங்கள் கையில் இருக்கும் சக்தி சின்னது இல்லை. அதைக் குறைவாக மதிப்பிடுவது உங்களுக்கே நியாயம் இல்லை.

என் அனுபவத்தில் பார்த்த ஒன்றையும் சொல்ல வேண்டும். காலாண்டு முடிய சில நாட்கள். விற்பனை இலக்குக்குக் கொஞ்சம் குறைகிறது. டீலர்களுக்குச் சரக்கை இப்போதே அனுப்பி விற்பனையாகக் கணக்கில் காட்டிவிடலாம், அடுத்த மாதம் திரும்பி வந்தால் வரட்டும் என்று ஒரு யோசனை மேலிருந்து வந்தது. சேர்ந்து அதிக நாள் ஆகாத ஓர் இளைஞர் அந்தப் பட்டியலைத் தயாரித்தார். திரையைப் பார்த்தபடியே என்னிடம், "சார், எல்லா இடத்திலும் இப்படித்தானா?" என்றார். அவருக்கு அது தவறு என்று தெரிந்திருந்தது, குரலிலேயே தெரிந்தது. யாரிடம் சொல்வது, எந்த வார்த்தையில் ஆரம்பிப்பது, "எல்லாரும் செய்கிறார்கள்" என்று பதில் வந்தால் என்ன சொல்வது, அதைத்தான் அவர் எங்கேயும் கற்றிருக்கவில்லை. பேச்சுவார்த்தை நடத்துவதற்கு வகுப்பு உண்டு. முதலீட்டாளர் முன்னால் பேசுவதற்குப் பயிற்சி உண்டு. தன் மேலதிகாரியிடம் "இது வேண்டாம் சார்" என்று சொல்ல ஒரு பயிற்சியும் இல்லை. இப்படிச் சின்னதாகத்தான் எல்லாம் ஆரம்பிக்கிறது. 2009 ஜனவரியில் சத்யம் நிறுவனத் தலைவர் எழுதிய ஒப்புதல் கடிதத்திலும், உண்மை லாபத்துக்கும் ஏட்டு லாபத்துக்கும் நடுவே சிறிய இடைவெளியாகத் தொடங்கியது ஆண்டுக்கு ஆண்டு வளர்ந்தது என்றே இருந்தது.

இதற்கு வழி இல்லாமல் இல்லை. மேரி ஜென்டைல் என்ற கல்வியாளர் ஒரு பயிற்சிமுறையை உருவாக்கியிருக்கிறார். எது சரி என்ற விவாதத்தில் நேரத்தைச் செலவழிக்காமல், சரியானது தெரிந்துவிட்டது, அதை எப்படிச் சொல்லி நடத்திக்காட்டுவது என்ற இடத்திலிருந்து வகுப்பு தொடங்கும். எதிர்ப்பக்கம் என்ன சாக்கு வரும், அதற்கு என்ன தரவு காட்டலாம், முதலில் யாரைத் துணைக்குச் சேர்ப்பது என்று மாணவர்கள் வாய்விட்டுப் பேசிப் பழகுவார்கள். வாய்விட்டு என்பதை அழுத்திச் சொல்கிறேன். கட்டுரை எழுதி மதிப்பெண் வாங்குவது வேறு, எதிரே ஒருவர் எரிச்சலோடு உட்கார்ந்திருக்கும்போது பேசுவது வேறு. அந்த இளைஞர் ஒரு தடவையாவது பேசிப் பார்த்திருந்தால், அன்று திரையைப் பார்க்காமல் என் முகத்தைப் பார்த்துக் கேட்டிருப்பார்.

மேலாண்மைப் பாடத்துக்குள்ளேயே அறக்கேள்வி எப்படி இருக்கிறது என்பதற்கு அமெரிக்காவின் வெல்ஸ் ஃபார்கோ வங்கியைச் சொல்லலாம். ஒரு வாடிக்கையாளருக்கு எட்டு சேவைகளாவது விற்க வேண்டும் என்று கிளைகளுக்கு இலக்கு. ஊழியர்கள் வாடிக்கையாளருக்குத் தெரியாமலேயே லட்சக்கணக்கில் கணக்குகளைத் திறந்தார்கள். 2016-இல் விஷயம் வெடித்தபோது 18 கோடியே 50 லட்சம் டாலர் அபராதம்; அதற்கு முந்தைய ஐந்து ஆண்டுகளில் சுமார் 5,300 பேர் வேலை இழந்திருந்தார்கள். 2020-இல் இன்னும் 300 கோடி டாலர் கட்ட வங்கி சம்மதித்தது. வேலை போனவர்களில் பெரும்பாலோர் கவுன்டரில் இருந்தவர்கள். இலக்கை வடிவமைத்தவர் எந்த வகுப்பில் அதைக் கற்றார்? ஊக்கத்தொகை பற்றிய பாடத்தில், "இந்த இலக்கை நேர்மையாக எட்ட முடியாத ஊழியர் என்ன செய்வார்?" என்ற கேள்வி தேர்வில் வந்தால், அந்த ஒரு கேள்வி ஒரு முழு எதிக்ஸ் பேப்பருக்குச் சமம்.

உங்கள் சொந்த இலக்குகளையும் பாருங்கள். பைனான்ஷியல் டைம்ஸ் நாளிதழ் போடும் எம்.பி.ஏ. தரவரிசையில் பட்டதாரிகளின் சம்பளமும் சம்பள உயர்வும் மட்டுமே பல ஆண்டுகள் நூற்றுக்கு நாற்பது மதிப்பெண் வைத்திருந்தன. கல்லூரி விளம்பரத்தில் பெரிய எழுத்தில் வருவது அதிகபட்சப் பேக்கேஜ். மாணவர் கல்லூரிக்குள் கால் வைக்கும் முன்பே, இங்கே வெற்றி என்றால் என்ன என்ற முதல் பாடம் முடிந்துவிடுகிறது. இன்னொன்று காப்பியடித்தல். அமெரிக்காவிலும் கனடாவிலும் 32 கல்வி நிறுவனங்களில் ஐயாயிரத்துக்கு மேற்பட்டவர்களிடம் நடந்து 2006-இல் வெளியான ஆய்வில், முதுநிலை வணிக மாணவர்களில் 56 சதவீதம் பேர் முந்தைய ஓராண்டில் ஏதோ ஒரு விதத்தில் ஏமாற்றியதாக ஒப்புக்கொண்டார்கள்; மற்றத் துறைகளில் 47. எல்லாரும் செய்கிறார்கள் என்ற நினைப்புதான் இதற்கு முக்கியக் காரணம் என்று ஆய்வாளர்கள் கண்டார்கள். அந்த இளைஞர் என்னிடம் கேட்டதும் அதுதானே! பிடிபட்டவரை ப்ளேஸ்மென்ட் பாதிக்கக் கூடாது என்று கூப்பிட்டுக் கண்டித்து அனுப்பினால், அதையும் ஒரு பாடமாகவே எடுத்துக்கொள்வார்கள்.

ஆகவே அடுத்த பாடத்திட்டக் கூட்டத்துக்கு எதிக்ஸ் ஆசிரியரை மட்டும் கூப்பிடாதீர்கள். நிதி, மார்க்கெட்டிங், ஆபரேஷன்ஸ், மனிதவளம் எல்லாரையும் உட்கார வையுங்கள். உங்கள் பாடத்தில் யாருக்குப் பாதிப்பு என்ற கேள்வி எந்த வாரத்தில் வருகிறது, தேர்வில் அதற்கு எத்தனை மதிப்பெண் என்று ஒவ்வொருவரிடமும் கேளுங்கள். "என் பாடத்தில் அதற்கு இடமில்லை" என்று யாராவது சொன்னால், அங்கிருந்தே வேலையை ஆரம்பியுங்கள். மேலதிகாரியிடம் மறுத்துப் பேசும் பயிற்சியை முதல் டேர்மில் வையுங்கள், ப்ளேஸ்மென்ட் பரபரப்பு தொடங்கும் முன். ப்ளேஸ்மென்ட் அறிக்கையில் அதிகபட்சப் பேக்கேஜை எடுத்துவிட்டு, ஐந்து ஆண்டு கழித்து உங்கள் பட்டதாரிகள் எங்கே, என்ன வேலையில் இருக்கிறார்கள் என்று போடுங்கள்.

நிறுவனங்களில் இருக்கும் எங்களுக்கும் இதில் பங்கு உண்டு. என் அளவில், நேர்காணலுக்கு வருகிறவர்களிடம் "எப்போதாவது எதையாவது வேண்டாம் என்று சொல்லியிருக்கிறாயா, எப்படிச் சொன்னாய்?" என்று கேட்கிறேன், மற்ற நிறுவன நண்பர்களையும் கேட்கச் சொல்கிறேன். உங்களுக்குக் கேஸ் வேண்டுமென்றால், பெரிய மோசடிகளைத் தேட வேண்டாம். காலாண்டு முடிவில் நாங்கள் எடுக்கும் சாதாரண முடிவுகளே போதும். பெயர்களை நீக்கி எழுதித் தருகிறேன். வகுப்புக்கு வந்து அந்த எரிச்சலான மேலதிகாரியாக உட்காரவும் தயார்.

இப்படிக்கு,
உங்கள் மாணவர்களோடு வேலை பார்க்கும் ஒருவன்